துணி கட்டாத கைப்பிடி

முந்நூற்று இருபது பேருக்குக் காய்ச்சிய ஓட்ஸ் கஞ்சி, புதன்கிழமை காலை ஆறே முக்கால் மணிக்கு, தரையில் ஒரு சொட்டுகூடச் சிந்தாமல், சத்தமும் காட்டாமல், நேராகச் சாக்கடைக்குப் போய்ச் சேர்ந்தது.

அனுப்பி வைத்தவள் கஞ்சியக்கா. அந்த ஆஸ்பத்திரியின் சமையற்கூடத்தில் ஆறு வருஷமாகக் காலைக் கஞ்சி அவள் பொறுப்பு. அதனால் நர்சுகள் முதல் வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் அவள் கஞ்சியக்காதான். வயது முப்பத்தெட்டு. ஒப்பந்த ஊழியர். வருகிற ஒன்றாம் தேதி பணி நிரந்தரம் ஆகப் போகிற ஏழு பேர் பட்டியலில் நான்காவதாக இருந்தாள். ஆறு வருஷம் காத்திருந்து, இன்னும் பத்தொன்பது நாள்தான் பாக்கி என்கிற நிலையில் இது நடந்தது.

அந்த அண்டாக்களைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன் வந்தவை. நீராவியில் காயும் எவர்சில்வர் அண்டாக்கள், மார்பளவு உயரம். ஓர் ஆள் உள்ளே உட்கார்ந்து தாராளமாகக் குளிக்கலாம். சமையற்கூடத்து ஆட்கள் பெரிய யானை, சின்ன யானை என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு யானைக்கும் அடிவயிற்றில் ஓர் இரும்புப் பெட்டி. பெட்டியிலிருந்து இரண்டு கைப்பிடிகள் நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டும் ஒரே நீளம், ஒரே தடிமன், ஒரே கறுப்பு ரப்பர் உறை. நடுவே நாலு விரல் இடைவெளி.

ஒன்றைக் கீழே அழுத்தினால் மூக்குக் குழாய் திறந்து கஞ்சி பாத்திரத்தில் விழும். மற்றொன்று அண்டாவைக் கழுவிய தண்ணீரை வெளியேற்றுவதற்கு. அந்தத் தண்ணீர் போகும் குழாய் பெட்டிக்குள்ளேயே இறங்கித் தரைக்கு அடியில் மறைந்துவிடும். அது திறந்திருந்தால் பார்க்கவும் முடியாது, கேட்கவும் முடியாது. கைப்பிடிக்கு மேலே படம் போட்டிருந்தார்கள். ஒன்றில் உள்ளே வெறுமையாக ஒரு சொட்டு. மற்றொன்றில் உள்ளே நிரப்பிய ஒரு சொட்டு. எந்தச் சொட்டு வயிற்றுக்கு, எந்தச் சொட்டு சாக்கடைக்கு என்பது வரைந்தவருக்கே வெளிச்சம்.

இடது, வலது என்று ஞாபகம் வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். அதற்கும் வழியில்லை. அடுத்தடுத்து நிற்கிற இரண்டு அண்டாக்களும் பார்வைக்கு எடுப்பாக இருக்க வேண்டும் என்று, ஒன்று மற்றொன்றின் கண்ணாடிப் பிம்பம் போலச் செய்யப்பட்டிருந்தது. பெரிய யானையில் கஞ்சிக் கைப்பிடி வலது பக்கம். சின்ன யானையில் இடது பக்கம். விளம்பரப் புத்தகத்துப் படத்தில் மிக லட்சணமாக இருந்தது.

இதற்கு மருந்து கண்டுபிடித்தவர் தலைமைச் சமையற்காரர். அவருக்குத் தராசு என்று பெயர். உப்பை உள்ளங்கையால் அள்ளித்தான் போடுவார். ஒரு நாளும் கூடியதில்லை, குறைந்ததில்லை. அண்டாக்கள் வந்த முதல் மாதத்திலேயே ஒரு நாள் பழைய மேசை விரிப்பைக் கிழித்து, இரண்டு யானைகளிலும் கழிவுக் கைப்பிடியைச் சுற்றிக் கட்டினார். துணி கட்டினதைத் தொடாதீங்க என்று மட்டும் சொன்னார். ஏன் என்று அவரும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. அதன்பிறகு சொட்டுப் படத்தை ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. இடமும் வலமும் மறந்தே போயின. துணி இருந்தால் தொடாதே, துணி இல்லையென்றால் திற. கண்ணுக்கு வேலையே வைக்காமல் கை பழகிக்கொண்டது.

செவ்வாய்க்கிழமை பிற்பகல் சுகாதார ஆய்வாளர் வந்தார். கண்ணாடி போட்ட, கறாரான அம்மாள். இரண்டு வருஷத்துக் கஞ்சியும் சூப்பும் குடித்து விறைத்துப்போன அந்தத் துணிகளைப் பார்த்தார். கத்தரியைக் கேட்டு வாங்கி, தாமே வெட்டிக் குப்பையில் போட்டார். அவர் செய்ததில் தப்பு சொல்ல முடியாது. அந்தத் துணியில் என்னென்ன குடியிருந்தன என்பதை எழுதினால் சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் கோபித்துக்கொள்வார்கள். கஞ்சியக்காவுக்குக் காலை ஷிப்டு. மதியமே வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலை பெரிய யானை நிறையக் கஞ்சி தயார். தள்ளுவண்டியை ஒட்டி நிறுத்தினாள். இரண்டாம் மாடியிலிருந்து போன் வந்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள். குனிந்து கையை நீட்டினாள். துணி இல்லாத கைப்பிடி கையில் பட்டது. அழுத்தினாள்.

கஞ்சி வரவில்லை. ஓட்ஸ் கட்டிதட்டிக் குழாயில் அடைத்துக்கொள்வது வாரத்துக்கு ஒரு முறை நடப்பதுதான். நீளக் கரண்டியை எடுத்துக் கிண்டினாள். இன்னும் கிண்டினாள். கரண்டியின் பிடி வரை இருந்த கஞ்சி அதன் அடிநுனிக்கு இறங்கியபோதுதான் விஷயம் புரிந்தது. கைப்பிடியைத் தூக்குவதற்குள் அண்டாவின் அடி தெரிந்தது.

மறைக்க நினைக்கவில்லை. உடனே எல்லா வார்டுக்கும் போன் செய்து சொல்லிவிட்டு, இரண்டாவது கஞ்சியை அடுப்பேற்றினாள். ஆனால் சர்க்கரை நோயாளிகளுக்கு ஆறரைக்கே ஊசி போட்டாகிவிட்டது. ஊசி போட்டால் அரைமணியில் வயிற்றுக்கு ஏதாவது போக வேண்டும். ரொட்டி இருந்த அறையின் சாவி ஏழரைக்கு வருகிறவரிடம் இருந்தது. ஐம்பது நிமிஷம் தாமதம். மூன்று பேருக்கு மயக்கம் வந்தது. அதில் ஒருவர் கட்டிலிலிருந்து எழுந்து நடக்கப் பார்த்து விழுந்தார். நெற்றியில் இரண்டு தையல்.

பத்து மணிக்குக் கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு விசாரணை. கவனக்குறைவு என்று முடிவானால் பட்டியலிலிருந்து பெயர் நீக்கப்படும், ஒப்பந்தமும் புதுப்பிக்கப்படாது.

வீட்டுக்கு வந்தவள் சாயங்காலம் வரை யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அவள் கணவன் வயர்மேன். கட்டடங்களுக்கு மின்கம்பி இழுப்பது தொழில். அவன் வந்து கைகால் கழுவி உட்கார்ந்ததும் கடிதத்தை நீட்டினாள். இரண்டு தடவை படித்தான்.

"கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாம்ல."

 அந்த நேரம் பார்த்து கஞ்சியக்காவின் மாமியார் குளியலறைக்குப் போக எழுந்தார். சுவரில் கை வைத்து ஒரு சுவிட்சைத் தட்டினார். தலைக்கு மேல் மின்விசிறி நின்றது.

வாசற்கதவு அருகே, கணவன் உட்கார்ந்திருந்த இடத்தை ஒட்டி அந்தச் சுவிட்சுப் பலகை. அவனே தன் கையால் மாட்டியது. எட்டு சுவிட்சுகள், ஒரே வரிசையில், நூல் பிடித்தது போல. குழாய் விளக்கு, மின்விசிறி, குளிர்சாதனப் பெட்டி, சமையலறை விளக்கு, வாசல் விளக்கு என்று எல்லாம் அங்கேயே. வருகிறவர்களுக்கு அவன் பெருமையாகக் காட்டுவான். அந்தப் பலகையால் இதுவரை இரண்டு தடவை பால் திரிந்திருக்கிறது.

"அம்மா, ஃபேனை நிறுத்திட்டீங்க."

"நான் எங்கடா நிறுத்தினேன்? பாத்ரூம் லைட்டைப் போட்டேன். அது நின்னுச்சு."

"எட்டு வருஷமா இதே வீடு. பாத்ரூமுக்கு ஏழாவதுன்னு இன்னும் தெரியல உங்களுக்கு."

"எட்டு வருஷமா எண்ணிக்கிட்டுத்தான் நிக்கிறேன். நான் ஏழு வரைக்கும் எண்ணி முடிக்கறதுக்குள்ள வந்த அவசரம் முடிஞ்சிடுது."

கஞ்சியக்கா சுவிட்சுப் பலகையைப் பார்த்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள். கடிதத்தில் யார் கையெழுத்து போட்டிருக்கிறார்கள் என்று கேட்டாள். அவன் படித்துக் காட்டிக்கொண்டிருக்கும்போதே, சமையலறை விளக்கைப் போடச் சொன்னாள். அவன் கடிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல், உட்கார்ந்தபடியே கையை உயர்த்தி ஒன்றைத் தட்டினான். மூலையில் முனகிக்கொண்டிருந்த குளிர்சாதனப் பெட்டி அடங்கியது.



"மாட்டினவனுக்கே தெரியல," என்றார் மாமியார், குளியலறை வாசலிலிருந்து.

"பேச்சு குடுத்துக்கிட்டே சொன்னா எப்படி? இதைப் படிச்சிட்டிருந்தேன்ல."

"நான் மட்டும் அங்க தியானத்துலயா இருந்தேன்?" என்றாள் கஞ்சியக்கா. "நாலு பேர் பேசிக்கிட்டுத்தான் இருப்பாங்க. நாலு போன் அடிச்சிக்கிட்டுத்தான் இருக்கும்."

அவன் குளிர்சாதனப் பெட்டியைப் போட்டான். நாள்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்து, பின்பக்கத்தில் அந்த இரும்புப் பெட்டியை வரையச் சொன்னான். அவள் வரைந்ததும் தொழில்காரன் கண்ணுக்கு உடனே தெரிந்துவிட்டது. இரண்டும் ஒரே மாதிரியா, அதுவும் ஒன்றில் வலது, ஒன்றில் இடதா என்று கேட்டான். எங்கள் வேலையில் இப்படி மாட்டினால் முதல் நாளே எவனாவது போய்ச் சேர்ந்திருப்பான் என்றான். மாமியார் தொண்டையைக் கனைத்தார். அவன் சுவிட்சுப் பலகை பக்கம் திரும்பாமல் அடுத்ததைக் கேட்டான்.

"துணியை யார் கட்டினது?"

"தராசு அண்ணன்."

"ஏன் கட்டினாராம்?"

"தெரியல. சொல்லல."

"சும்மா எவனும் துணி கட்ட மாட்டான். நாங்க ஒரு வயர்ல சிவப்பு டேப் சுத்தியிருந்தா, அதுல ஏற்கெனவே ஒருத்தன் ஷாக் வாங்கிட்டான்னு அர்த்தம்."

வியாழக்கிழமை அவள் ஒவ்வொருவராகப் பிடித்துக் கேட்டாள். சமையற்கூடத்தில் மொத்தம் பதினோரு பேர். முதலில், காய் நறுக்குகிற ரேடியோ. வாய் ஓயாமல் பேசுவதால் அந்தப் பெயர். வார்டில் எந்தக் கட்டிலில் யார் மாமனாரோடு சண்டை என்பது வரை அவளுக்குத் தெரியும். துணி கட்டுவதற்கு முன் நீ எப்போதாவது தப்பாகத் திறந்திருக்கிறாயா என்று கேட்டதும் அந்த ரேடியோ நின்றுபோனது. கேரட்டைப் பார்த்துக்கொண்டே, எனக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்குக்கா என்று மட்டும் சொன்னாள். பாத்திரம் கழுவுகிறவர் குழாயை இன்னும் வேகமாகத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்தில் காது கேட்கவில்லை என்று கையைக் காட்டினார். மற்றவர்களும் ஏறக்குறைய அப்படித்தான். யாரும் இல்லை என்று சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. ஒருவர் மேல் விசாரணை நடக்கும்போது, நானும் அதைத்தான் செய்தேன் என்று கையைத் தூக்க யாருக்குத்தான் மனசு வரும்.

கடைசியாகத் தராசு. சமையற்கூட வாசலில் அவருடைய புகைப்படம் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. பதினோரு வருஷம் ஒரு புகாரும் இல்லாமல் வேலை பார்த்ததற்காக, அண்டாக்கள் வருவதற்கு முன்பே ஆஸ்பத்திரி கொடுத்த மரியாதை. தினமும் அதன் கண்ணாடியைத் தன் தோள் துண்டால் துடைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார்.

"அண்ணே, அந்தத் துணியை எதுக்குக் கட்டினீங்க?"

"எலி கடிக்குதுன்னு கட்டினேன்."

"எலி இரும்பைக் கடிக்குமாண்ணே?"

"இங்க இருக்கற எலி கடிக்கும்," என்று சொல்லிவிட்டு உப்புப் பானை பக்கம் போய்விட்டார்.

அன்று மதியச் சூப்பில் உப்பு தூக்கலாக இருந்தது என்று மூன்று வார்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள்.

வெள்ளிக்கிழமை விசாரணைக்கு மூன்று பேர். நிர்வாக அதிகாரி, மேட்ரன், அந்தச் சுகாதார ஆய்வாளர். அண்டாவின் முன்னால் வைத்து விசாரிக்க வேண்டும் என்று கஞ்சியக்கா எழுதிக் கொடுத்திருந்தாள். அது கணவன் சொல்லிக்கொடுத்த யோசனை. அதிகாரிக்கு அது பிடிக்கவில்லை. அலுவலக அறையில் நாற்காலி எல்லாம் போட்டாகிவிட்டது என்றார். கஞ்சி ஆபீஸ் ரூம்ல கொட்டலையே என்று மேட்ரன் சொல்லிவிட்டு முன்னால் நடந்தார். மற்ற இருவரும் பின்னால் போக வேண்டியதாயிற்று.

பாத்திரம் கழுவுகிறவர் இரண்டு யானைகளிலும் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தார். சமையற்கூடத்து ஆட்கள் சுவர் ஓரமாக நின்றார்கள். அதிகாரியே ஒரு தடவை திறந்து பார்க்க வேண்டும் என்று கஞ்சியக்கா கேட்டாள். அவர் பெரிய யானையின் முன் குனிந்து, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்து, இரண்டு சொட்டுகளையும் மாறி மாறிப் பார்த்தார். நிரப்பிய சொட்டுதான் நிரப்புவதற்கு என்று தீர்மானித்து வலது கைப்பிடியை அழுத்தினார். தண்ணீர் மூக்குக் குழாய் வழியாக அழகாக விழுந்தது.

"படிச்சுப் பாத்தா தெரியுது," என்றார்.

சுவர் ஓரத்தில் யாரோ பெருமூச்சு விட்டார்கள்.  சின்ன யானையிலும் ஒரு தடவை என்று கஞ்சியக்கா கேட்டுக்கொண்டாள். இப்போது அவருக்குத் தைரியம் வந்திருந்தது. நடந்துகொண்டே, தையல் போட்ட நோயாளியின் வீட்டாருக்குப் பதில் எழுதியாகிவிட்டதா என்று மேட்ரன் கேட்டதற்கு, நேற்றே எழுதிவிட்டேன், நகல் உங்கள் மேசைக்கு வரும் என்று சொல்லியபடியே வலது கைப்பிடியை அழுத்தினார்.

தண்ணீர் வரவில்லை. அவர் குனிந்து மூக்குக் குழாயைப் பார்த்தார். விரலால் தட்டினார்.

"இது அடைச்சிருக்கு போல."

ரேடியோவுக்கு இருமல் வந்தது.

"அடைக்கல சார்," என்றாள் கஞ்சியக்கா. "போயிட்டிருக்கு. உள்ளே எட்டிப் பாருங்க."

எட்டிப் பார்த்தார். தண்ணீர் கால்வாசி இறங்கியிருந்தது. அவர் கைப்பிடியைத் தூக்கிவிட்டு நிமிர்ந்தார். முகம் சிவந்திருந்ததே தவிர, ஆள் அசைந்து கொடுக்கவில்லை. நான் இன்றைக்குத்தான் இதைத் தொடுகிறேன், தினமும் தொடுகிறவருக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லையா என்று கேட்டார். கையில் இருந்த பதிவேட்டைப் பிரித்தார்.

"ரெண்டு வருஷம். இந்த மாதிரி வேற ஒண்ணுகூட இதுல இல்ல. பதினோரு பேர் வேலை பாக்கறாங்க. மிச்சம் பத்து பேருக்கு ஏன் நடக்கல?"

 பதிலை அவள் ஊகித்திருந்தாள், ஆனால் கூட வேலை பார்ப்பவர்களைக் காட்டிக்கொடுக்காமல் அதைச் சொல்ல முடியாது.

சுகாதார ஆய்வாளர் தன் அறிக்கையை எடுத்தார். செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு இரண்டு கைப்பிடிகளிலிருந்தும் அழுக்குத் துணியை அகற்றியதாக அதில் இருந்தது. துணி போனது செவ்வாய் மூன்று மணி, கஞ்சி போனது புதன் ஆறே முக்கால் என்று அவர் வாய்விட்டே சொன்னார். வெட்டுவதற்கு முன், இது எதற்குக் கட்டியிருக்கிறது என்று கேட்டேன், யாரும் பதில் சொல்லவில்லை என்றார். அப்படியானால் எதற்குத்தான் கட்டியது என்று அதிகாரி எல்லோரையும் பார்த்துக் கேட்டார்.

கஞ்சியக்கா தரையைப் பார்த்தாள். தராசு நின்ற பக்கம் அவள் திரும்பவில்லை. திரும்பினால் கை நீட்டிக் காட்டியது போல ஆகிவிடும்.

நீராவிக் குழாயில் எங்கோ தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தராசு தலையிலிருந்த வெள்ளைத் தொப்பியைக் கழற்றினார்.

"எலிக்காக இல்லைங்க."

யாருக்கும் முதலில் புரியவில்லை, கஞ்சியக்காவைத் தவிர.

"அண்டா வந்த மூணாவது வாரம். மத்தியானச் சூப். இந்தப் பெரிய யானைதான். நான்தான் திறந்தேன். வரல. அடைச்சிருக்குன்னு கரண்டியை விட்டுக் கிண்டிக்கிட்டே இருந்தேன். அடி தெரியற வரைக்கும் கிண்டினேன்."

"பதிவேட்டுல இல்லையே," என்றார் அதிகாரி.

"அன்னிக்கு எல்லாருக்கும் ரொட்டியும் வேகவச்ச முட்டையும் அனுப்பினேன். வாரத்துக்கு ஒரு முட்டை நாள் உண்டு, அதை முன்னாடி மாத்திட்டேன்னு எழுதிட்டேன். மறுநாள் துணியைக் கட்டினேன்."

"ஏன் சொல்லல?"

தராசு வாசல் பக்கம் கையைக் காட்டினார். "அங்க போட்டோ இருக்குங்களே."

அதிகாரி எழுத ஆரம்பித்தார். அவர் ஒரு வரி முடிப்பதற்குள் ரேடியோ சுவரை விட்டு நகர்ந்து முன்னால் வந்தாள். அண்டா வந்த முதல் வாரமே சின்ன யானையில் பாலைத் திறந்துவிட்டது தான்தான் என்றாள். பாதி போனதும் தெரிந்துவிட்டதாம், மிச்சத்தில் தண்ணீர் ஊற்றிச் சரிக்கட்டினாளாம்.

"அந்த வாரம் பால் தண்ணியா இருக்குன்னு நான் எழுதிக் குடுத்தேன்," என்றார் மேட்ரன், அதிகாரியைப் பார்த்து. "நீங்க பால்காரரைக் கூப்பிட்டுத் திட்டினீங்க."

"அவர் அழுதே அழுதுட்டார்," என்றாள் ரேடியோ. ஒரு நாள் முழுக்க அடக்கி வைத்திருந்தது மொத்தமாக வந்துகொண்டிருந்தது. "அதுக்கப்புறம் ஒரு மாசம் அவர் மூஞ்சியை நான் பாக்கலைங்க."

பிறகு ஒவ்வொருவராக. துணியை எப்போதோ ஒரே ஒரு தடவை துவைத்துக் காயப்போட்ட அன்று ஒருவர் திறந்துவிட்டிருந்தார். இன்னொருவர் திறந்த கணமே மூடிவிட்டதால் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டுமா என்று சந்தேகம் கேட்டார். மொத்தம் ஏழு பேர். அதிகாரி மூன்றாவது ஆளோடு எழுதுவதை நிறுத்திவிட்டார். பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டு, தான் சற்று முன் அழுத்திய வலது கைப்பிடியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இனி என்ன செய்வது என்ற பேச்சு வந்தது. மறுபடி துணி கட்டக் கூடாது என்று ஆய்வாளர் உடனே சொன்னார். கம்பெனிக்கு எழுதிப் புதுப் பெட்டி வாங்கலாம், ஆறு மாதம் ஆகும் என்றார் அதிகாரி. வண்ணம் அடிக்கலாம் என்றார் மேட்ரன். தினம் தேய்க்கிற தேய்ப்பில் எந்த வண்ணமும் ஒரு மாதத்துக்கு மேல் நிற்காது என்றார் தராசு. அப்போது, அதுவரை வாயே திறக்காத, பாத்திரம் கழுவுகிறவர் பேசினார்.

"அந்தக் கைப்பிடி எனக்கு மட்டும்தானே வேணும்? அதுவும் கழுவறப்ப மட்டும். கழட்டி என்கிட்ட வச்சுக்கறேனே."

ஒரே ஒரு திருகாணிதான். ஆஸ்பத்திரி மெக்கானிக் வந்து இரண்டையும் கழற்றச் சரியாகப் பத்து நிமிஷம் ஆனது. கழுவுமிடத்துச் சுவரில் ஒரு ஆணி அடித்து அதில் மாட்டினார்கள். யானைகளின் அடிவயிற்றில் இப்போது ஆளுக்கு ஒரு கைப்பிடி. சொட்டுப் படத்தைப் பார்க்க வேண்டியதும் இல்லை, பார்க்காமல் விட வேண்டியதும் இல்லை. இரண்டு வருஷமாக இதை ஏன் யாரும் செய்யவில்லை என்று கேட்டால், வரும்போதே இரண்டு கைப்பிடியோடு வந்தது என்பதைத் தவிர வேறு காரணம் கிடையாது.

திங்கட்கிழமை தீர்ப்பு வந்தது. ஊழியரின் கவனக்குறைவு என்று கொள்ள இடமில்லை. பட்டியலில் மாற்றமில்லை. பதிவேட்டில் மாற்றி எழுதியதற்காகத் தராசுக்கு எச்சரிக்கைக் கடிதம். அவர் அதை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, புகைப்படத்தைத் தானே கழற்றி வீட்டுக்கு எடுத்துப்போனார். சுவரில் வெள்ளையாகத் தெரிந்த சதுரத்தின் மேல் ரேடியோ ஒரு நாள்காட்டியை மாட்டினாள். சூப்பில் உப்பு மறுபடி சரியாகிவிட்டது. கம்பெனியிலிருந்தும் பதில் வந்தது: தங்கள் கருத்துக்கு நன்றி, அடுத்த தயாரிப்பில் சொட்டின் அளவு பெரிதாக்கப்படும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வயர்மேன் தன் வீட்டுச் சுவரையே உடைத்தான். குளிர்சாதனப் பெட்டியின் சுவிட்சை அதன் பக்கத்திலேயே வைத்தான். குளியலறை விளக்கைக் குளியலறை வாசலுக்குக் கொண்டுபோனான். முதல் இரண்டு நாள் மாமியார் பழைய இடத்திலேயே போய் ஏழு வரை எண்ணிக்கொண்டு நின்றார். மூன்றாம் நாள் தன்னையறியாமல் குளியலறை வாசலில் கை போயிற்று, விளக்கு எரிந்தது. மின்விசிறி ஓடிக்கொண்டிருக்கிறதா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனார். "இதை எட்டு வருஷம் முன்னாடியே பண்ணியிருந்தா எனக்கு எண்ணவே தெரிஞ்சிருக்காது," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

ஒன்றாம் தேதி கஞ்சியக்காவை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். எழுத்தர் அம்மாள் நிரந்தர ஆணையின் படிவத்தை எடுத்து அவள் முன் வைத்துப் பேனாவைக் கொடுத்தார். ஆறு வருஷம் காத்திருந்த காகிதம். கடைசிப் பக்கத்தில் இரண்டு புள்ளிக் கோடுகள், ஒரே நீளத்தில், ஒரே வரிசையில். கீழே எறும்பு ஊர்ந்தது போல ஏதோ எழுத்து. கஞ்சியக்கா இடது கோட்டில் நிதானமாக, முழுப் பெயரையும் கையெழுத்தாகப் போட்டாள்.

"அச்சச்சோ, அது ஆபீசர் போடற இடம்மா," என்றார் எழுத்தர்.

கையெட்டும் தூரத்தில் திறந்தே இருந்த, தப்பை அழிக்கிற வெள்ளை மையை எடுத்தார். கஞ்சியக்கா அந்தப் புட்டியைப் பார்த்தாள். அடியில் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது.

"எனக்கு முன்னாடி மூணு பேர் போட்டாங்கல்ல மேடம். அவங்க எங்க போட்டாங்க?"

"அவங்களும் இதே இடத்துலதான். போன வருஷம் வந்தவங்களும் அப்படித்தான். யாருக்கும் கவனமே கிடையாது," என்றபடி எழுத்தர் வெள்ளை மையின் மேல் ஊதினார்.

கஞ்சியக்கா வலது கோட்டில் கையெழுத்தைப் போட்டாள். பிறகு ஒரு பென்சில் கேட்டாள். அடுத்து வரப்போகிற மூன்று பேரின் படிவங்கள் மேசையிலேயே இருந்தன. ஒவ்வொன்றிலும் கடைசிப் பக்கத்தைப் புரட்டி, வலது கோட்டின் தொடக்கத்தில் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டாள். எழுத்தர் தடுக்கவில்லை, வெள்ளை மை காய்வதற்காகக் காகிதத்தை ஆட்டிக்கொண்டே அவள் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவதை முடித்ததும் அவரே மேசையின் இழுப்பறையைத் திறந்து, வெற்றுப் படிவங்களின் முழுக் கட்டையும் எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார்.